இயந்திரம் படிக்காத வரி

முதல் வரியில் பாகத்தின் எண். இரண்டாவது வரியில் தேதி. மூன்றாவது வரிக்கு வந்ததும் வளன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அடைப்புக்குறி ஒன்றைத் திறக்கிறார். கங்கைகொண்டானில் இருக்கும் இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் தமிழை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்தான் எழுதியாக வேண்டும். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறார். 'ஏலே, முதல் பீஸ் நின்னு பாரு. பைய போ.' அடைப்புக்குறி மூடுகிறது. கண்ணாடி மூக்குக்கு இறங்குகிறது. அதற்கப்புறம்தான் பத்து விரல்களும் வேலைக்கு வருகின்றன.

அடைப்புக்குறிக்குள் இருப்பதை இயந்திரம் படிக்காது. இரும்பை எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், எத்தனை வேகம் என்பதெல்லாம் வெளியே எண்களாக நிற்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு அது அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடும். முன்னால் நிற்கிற ஆள்தான் திரையில் அதைப் படிக்க முடியும். "மிசினுக்கு அது காதுல ஏறாது. மனுசனுக்கு மட்டுந்தாம் ஏறும்" என்பார் வளன்.

வயது நாற்பத்தொன்பது. ஒரு பாகத்தைக் கணினியில் வரைந்து, அதை வெட்டுவதற்கான வழியையும் நிரலாக எழுதி அனுப்புவது அவர் வேலை. பட்டறை கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கிறது. வளன் இருப்பதோ இருபது கிலோமீட்டர் தள்ளி, பாளையங்கோட்டையில் முதலாளியின் பழைய கட்டடத்து மாடியில். அறையில் மூன்று நாற்காலிகள் உண்டு, உட்காருவது ஒன்றில்தான். குளிர்சாதனம் கணினிக்காகப் போட்டது என்பதால் அக்கினி நட்சத்திரத்திலும் மனிதர் பழுப்பு நிற ஸ்வெட்டருக்குள் இருப்பார். மதியம் மட்டும் அதைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். அறைக்குள் கருவாட்டு வாசம் வரக்கூடாதாம். யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை என்பார். "குசினில தனியா நின்னு பொரிச்சது, தனியாத்தான் திங்கணும். அதுக்கு ரூம்பு என்ன, படி என்ன?"

ஊர் கூடுதாழை. அப்பா, அண்ணன்மார், சித்தப்பாக்கள் எல்லோரும் கடலில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள். வளனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு வயதில் மூன்று தடவை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக் கரைக்குத் திரும்பினார். நாலாவது தடவை அப்பா அவரைப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற்றி பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். ஊருக்குப் போனால் இன்றும் அவரை 'தரைக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொள்கிறார். சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்.

தொழில் அவரை விட்டு இறங்குவதில்லை. வெட்டும் கருவி இரும்பைத் தொடாமல் சும்மா காற்றில் ஓடி நேரத்தை வீணாக்குவதற்கு அவர்கள் வட்டாரத்தில் காத்துவெட்டு என்று பெயர். வளன் மார்க்கெட்டுக்குப் போனால்கூட காத்துவெட்டு இருக்கக் கூடாது. முதலில் தேங்காய், வலது பக்கம் திரும்பினால் கீரை, முக்கில் மீன், அப்படியே பின்வாசல் வழியாக வெளியே. வெங்காயம் மறந்துபோனால் அன்றைக்கு வெங்காயம் கிடையாது. போன வழியில் திரும்பி நடக்க மாட்டார். கடைக்காரப் பெண் ஒருத்தி, "சார், பத்து எட்டு வச்சா வெங்காயம்" என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். "அது காத்துவெட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மனைவி மார்கரெட் குவைத்தில் நர்ஸ், எட்டு வருடமாக. மகள் ஜாய்சிக்கு பெங்களூரில் வேலை. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் நல்லவர்கள்தான். வெள்ளிக்கிழமை மார்கரெட்டுக்கு விடுமுறை என்பதால் அன்று மாலை போன் வரும். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன். மழை உண்டா?" "இல்ல." அதோடு பேச்சு முட்டிக்கொண்டு நிற்கும். இந்தப் பக்க மின்விசிறி அந்தப் பக்கமும், அந்தப் பக்க ஏசி இந்தப் பக்கமும் கேட்கும். வைத்துவிடலாமா என்று கேட்க இருவருக்கும் மனசு வராது. எட்டு வருடத்தில் சொல்ல வேண்டியவை சேர்ந்து சேர்ந்து, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் போய்விட்டது. வளன் தனிமையில் கிடந்து வேகிறார் என்பதுதான் உண்மை. அவர் வாயால் அதைச் சொல்ல மாட்டார்.

அடைப்புக்குறிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெயர் இசக்கிதுரை. இரண்டாவது ஷிப்டில் இயந்திரம் ஓட்டுகிறவர். பட்டறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது; கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வளன் எப்போதாவது பட்டறைக்குப் போனாலும் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். நாலு வருடத்தில் இருவரும் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. வளன் அனுப்பும் நிரலை இசக்கிதுரை மாலையில் ஓட்டுவார். வேகத்தைக் கூட்டிக் குறைத்திருந்தால், ஷிப்ட் முடியும்போது திருத்தியதைத் திருப்பி அனுப்புவார். அதுதான் நடைமுறை. திரும்பி வந்த நிரலில் ஒரு நாள், வளனின் அடைப்புக்குறிக்குக் கீழே இன்னொன்று இருந்தது. 'பாத்தாச்சி அண்ணாச்சி. மூணாவது டூல் கத்துது.'

அதுவரை 'தம்பி' என்று எழுதிக்கொண்டிருந்த வளன், அண்ணாச்சி என்று அழைக்கப்பட்ட மகிழ்ச்சியில், இளையவர்களை மட்டுமே கூப்பிடும் 'ஏலே'க்கு மாறினார். ஒரு வரிக்கு ஐம்பது எழுத்துக்கு மேல் திரையில் தெரியாது. ஐம்பது எழுத்தில் எவ்வளவு பேச முடியும் என்று நினைப்பவர்கள் அந்த நிரல்களைப் பார்க்க வேண்டும். 'ஏலே, அங்கன மழையா?' 'இங்கன தூத்தல் அண்ணாச்சி.' 'என்ன கொழம்பு?' 'சுண்டவத்தல்.' 'கேட்டுப் பக்கம் மூணு மான் நிக்கி.' 'பாப்பாவுக்குக் காச்சல்.' 'கொறஞ்சிட்டாலே?' 'கொறஞ்சிட்டு.' காலையில் அறையைத் திறந்ததும் வளன் முதலில் பார்ப்பது திரும்பி வந்த நிரலின் நாலாவது வரியை. மான் வந்த அன்று அந்த வரியைப் படித்துவிட்டு அவர் தனியாகச் சிரித்ததைக் கீழே மருந்துக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு மார்கரெட்டுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஊரில் அண்ணனிடம்கூடச் சொல்லாததை வளன் ஒரு பம்பு மூடியின் நிரலுக்குள் எழுதினார்: 'மார்கரெட் வரலலே.' மறுநாள் காலையில் பதில் இருந்தது: 'நம்ம வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி. சாப்பிடலாம்.' முகம் பார்க்காத ஒருவர் வீட்டுக்குப் போய் எப்படி இலையில் உட்காருவது? வளன் போகவில்லை. நடுராத்திரிப் பூசை முடிந்து வந்து கேக்கை வெட்டாமல் அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆனால் அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

வேலை முடிந்த நிரலைச் சேமிக்கும்போது அடைப்புக்குறிகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வளன் விதிகளைப் பிசகாதவர். இந்த ஒன்றை மட்டும் நாலு வருடமாகப் பிசகிக்கொண்டிருந்தார். அதில்தான் மாட்டினார். வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வந்த வடநாட்டு அதிகாரி ஒருவர், அச்சடித்த நிரலை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். 'கத்திரிக்கா புளிக்கொழம்பு' என்று அங்கே இருந்தது. இது எந்த வகைக் குளிர்விப்பு எண்ணெய், எங்கே வாங்குகிறீர்கள் என்று அவர் மிக மரியாதையாகக் கேட்டாராம்.

உற்பத்தி மேலாளர் ரிச்சர்ட் அன்று மாலையே மாடியேறி வந்தார். வளனைவிட இளையவர், கோபத்திலும் மரியாதையை விடாதவர். "என்ன வே இது? புரோகிராமுக்குள்ள புளிக்கொழம்ப ஊத்தி வச்சிருக்கீரு?"

வளன் தலையைக் குனிந்துகொண்டே, "அது முந்தின நாள் கொழம்பு சார்" என்றார்.

ரிச்சர்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கிக்கொண்டார். "சிரிக்கதுக்கு இல்ல வே. புது வெர்சன் வருது. அதுல இதெல்லாம் தானா அழிஞ்சிரும். பழைய புரோகிராம் அத்தனையும் அடுத்த வாரம் கழிஞ்சி வார திங்கக்கெழம அதுக்கு மாத்துதோம். சுத்தமா இருக்கும்."

புது பதிப்பைச் சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து சுபின் என்ற பொறியாளர் மூன்று நாளைக்கு வந்தார். மார்த்தாண்டத்துப் பையன். வளன் முரண்டு பிடிப்பார் என்று ரிச்சர்ட் எச்சரித்து அனுப்பியிருந்தார். வளனோ முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள் தலையை விட்டுவிட்டார். பாகத்தைத் திறந்தால் அதில் எத்தனை துளை, எது திருகாணிக்கு மரை போட்டது, எது சும்மா துளை என்று மென்பொருளே கண்டுபிடித்து, கருவியையும் தானே எடுத்து வைத்துவிடுகிறது. அறுபத்துநாலு துளை உள்ள பம்பு மூடிக்கு அரை நாள் ஆகும். வளன் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது. "அம்மாடி! இருவது வருசமா இத ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு கெடந்தேனே தம்பி!"

இரண்டாவது நாள் இன்னும் குஷி. முழு இயந்திரமும், மேசையும், இரும்பைப் பிடிக்கும் கவ்வியும் திரையில் அப்படியே ஓடிக் காட்டுகின்றன; கருவி எங்காவது இடிக்கப்போகிறது என்றால் அந்த இடம் சிவக்கிறது. வளன் வேண்டுமென்றே கவ்வியைக் குறுக்கே வைத்து நாலு தடவை சிவக்க வைத்துப் பார்த்தார். காத்துவெட்டை அதுவே தேடிப்பிடித்துக் கழித்துப்போடுவதைக் கண்டபோது மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "இது நம்ம ஆளு!" என்றார். "நான் போன எடத்துல எல்லாம் உங்க வயசுக்காரங்க சண்டைக்குத்தான் வருவாங்க சார்" என்று சுபினும் சிரித்தார். இரண்டு நாளும் அந்த அறையில் இரண்டாவது நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது வளனுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது நாள் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார்கள். நூறு கட்டங்கள் இருக்கும். அதில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது: குறிப்புகளை நீக்கு. வளன் சுட்டியைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துத் தட்டினார். டிக் போகவில்லை. மறுபடியும் தட்டினார்.

"அது லாக் ஆயிருக்கு சார். ரிச்சர்ட் சார் பண்ணச் சொன்னாங்க. மிசின்ல இருந்தும் இனி திருத்தி அனுப்ப முடியாது. இங்க இருந்து அங்க மட்டுந்தான் போகும்."

"அப்பம் முன்னால நிக்கவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னா?"

"அதுக்கு இருக்கே சார், புது வசதி!" சுபின் உற்சாகமாக இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அங்கே ஒரு பட்டியல் விரிந்தது. பன்னிரண்டு வாக்கியங்கள். கவ்வியைச் சரிபார்க்கவும். எண்ணெய் அளவைச் சரிபார்க்கவும். கருவியின் நீளத்தை அளக்கவும். வேண்டியதைத் தொட்டால் போதும். படத்தோடு அங்கே போய்விடும். வளன் பன்னிரண்டையும் மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சுபின் ஊருக்குப் போனார். வியாழக்கிழமை முழுக்க வளன் பழைய நிரல்களைத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படவே இல்லை. நாலு வருடத்து மழை, குழம்பு, காய்ச்சல், மான் எல்லாம் திங்கட்கிழமை போய்விடும். அச்சடித்து வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது? போனது போகட்டும், திங்கட்கிழமைக்குப் பிறகு யாரிடம் மழை உண்டா என்று கேட்பது? அதுதான் அவரைத் தின்றது. பட்டறை அலுவலகத்தில் கேட்டால் இசக்கிதுரையின் போன் நம்பர் கிடைத்துவிடும். ஆனால் போன் வந்து காதில் ஏறியதும் தனக்குப் பேச்சு செத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகள் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தன.

வெள்ளிக்கிழமை கடைசி நிரலை அனுப்ப வேண்டும். மூன்றாவது வரியில் எழுதினார், அழித்தார். எழுதினார், அழித்தார். கண்ணாடி நெற்றிக்கும் மூக்குக்கும் போய்ப் போய் வந்தது. ஒரு வழியாக எழுதி முடித்தார்: 'ஏலே, சனி 3 மணி. கேட் டீக்கடை. பச்ச சட்டை.' அனுப்பிய பிறகு, திரும்பப் பெற வழியுண்டா என்று தேடினார். இல்லை. சனிக்கிழமை காலையில் நிரல் திரும்பி வந்திருந்தது. வேகம் எதுவும் மாறவில்லை. ஓர் எண்ணும் திருத்தப்படவில்லை. ஒரே ஒரு வரி கூடியிருந்தது: 'சரி அண்ணாச்சி. வாரேன்.'

சனிக்கிழமை அலுவலகம் அரை நாள். வளன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, மார்கரெட் போன தடவை கொண்டுவந்து கொடுத்து மடிப்பு கலையாமல் இருந்த பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜங்ஷனில் கோவில்பட்டி பஸ் ஏறினார். தாழையூத்து தாண்டும் வரை என்ன பேசுவது என்று யோசித்தார். இசக்கிதுரைக்கு வயது முப்பது, முப்பத்திரண்டு இருக்கும் என்பது அவர் கணக்கு. பாப்பா இப்போது ஒன்றாம் வகுப்பு போகும். அதற்காகப் பேக்கரியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வைத்திருந்தார். இரண்டரைக்கே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றரைக்கு ஷிப்ட். இளவட்டங்கள் இருசக்கர வண்டிகளில் வந்து கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் இதுவாக இருக்குமோ என்று பார்த்தார். ஒருவரும் பச்சைச் சட்டையை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். தும்பைப்பூவாக நரைத்த தலை, கம்பெனிச் சட்டை, கையில் தூக்குவாளி. சாலையைக் கடந்து நேரே வந்து நின்றார். "அண்ணாச்சி?"

வளன் அவருக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார். யாரும் இல்லை.

"நாந்தாம் இசக்கிதுரை."

வளன் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. அறுபதைத் தொடப்போகிற மனிதர். கூடுதாழையில் மூத்த அண்ணன் வயது. அவரைத்தான் நாலு வருடமாக, ஞாயிறு தவிர நாள் தவறாமல், ஏலே என்றும் வாலே போலே என்றும் எழுதித் தள்ளியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் மூத்தவரைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்குக் குடும்பங்கள் பேச்சுவார்த்தையை அறுத்துக்கொண்டதுண்டு. வளன் சாய்ந்த பெஞ்சை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க. எனக்குத் தெரியாது. நீங்க அண்ணாச்சின்னு எழுதவும், நான் சின்னப் பையன்னு நெனச்சி... பாப்பா பாப்பான்னு வேற..."

"அது எம் பேத்தி. மக புள்ள." பெரியவர் தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்தார். "நீங்க புரோகிராம் போடுதவுக. ஒங்கள அண்ணாச்சின்னு சொல்லாம என்னன்னு சொல்ல?"

"எழுதி அனுப்பியிருக்கலாம்லா? ஒரு வரி எழுதியிருந்தா நான் மாத்தியிருப்பேனே அண்ணாச்சி."

"அதாம் எழுதல."

டீக்கடைக்காரர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இருவரும் எடுக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே முதல் மணி அடித்தது.

"எங்க அண்ணன் தவறிப்போயி ஆறு வருசம் ஆச்சி" என்றார் இசக்கிதுரை. டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு இருந்தமட்டும் ஏலே ஏலேம்பாரு. அவரு போனபொறவு வீட்டுல தாத்தா. கம்பெனில பெரியவரு. என்னைய ஏலேன்னு கூப்பிட ஒரு நாதி கெடையாது. மொத நாளு மிசின்ல அத படிச்சிட்டு நான் ஒரு நிமிசம் பட்டனையே அமுக்கல. அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன். இப்பம் நீங்களும் அண்ணாச்சிங்கிய."

பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட இதற்கு உதவாது. வளன் மைசூர்பாகுப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். பெரியவர் அதைத் தூக்குவாளிக்குள் பத்திரமாக வைத்து மூடினார். இரண்டாவது மணி அடித்தது. வாசலில் காவலாளி நேரத்தைப் பார்த்தார். இசக்கிதுரை, "வாரேன் அண்ணாச்சி" என்று இரண்டு எட்டு எடுத்து வைத்தார்.

வளன் பின்னாலேயே வேகமாகப் போய், அவர் கையிலிருந்த தூக்குவாளியைப் பிடுங்கித் தன் இடது கையில் வைத்துக்கொண்டார். இளவட்டங்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க, காவலாளி வாயைப் பிளந்து நிற்க, தன்னைவிடப் பத்து வயது மூத்தவரின் தோளில், கூடப் பிறந்த இளையவனின் தோளில் போடுவதைப் போல, வலது கையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட்டு வரைக்கும் நடந்தார்.